நமக்குள்ளேயே முடித்தது

என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். என் கல்யாணத்தைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் எல்லோரும், அழுத பெண்ணை இழுத்துக்கொண்டு போய் மணையில் உட்கார வைத்தார்கள் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நினைக்க விட்டால் எனக்கும் சௌகரியம்தான். ஆனால் நடந்தது அதுவல்ல. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. விலங்கியலில் பட்டம் வாங்கி ஒரு வேலையிலும் இருந்தேன். என்னிடம் கேட்டார்கள், நான் சரி என்றேன். மாப்பிள்ளை என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி.

எங்களுடையது தாமிரபரணித் தண்ணீரில் நெல் விளையும் ஊர். அப்பா நான் சிறுமியாக இருக்கும்போதே இறந்துவிட்டார். நான் கல்லூரியில் சேர்ந்தபோது, அம்மா என் தம்பியைப் பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டு என்னோடு தூத்துக்குடிக்கு வந்துவிட்டாள். மாமாவுக்குத் துறைமுக அலுவலகத்தில் கிளார்க் வேலை. மில்லர்புரத்தில் அவர் எடுத்திருந்த வாடகை வீட்டில் மூன்று பேரும் இருந்தோம். மாமா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருக்கு எத்தனையோ இடங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் அம்மா ஒரு குறை கண்டுபிடித்தாள். ஒரு பெண் உயரம், ஒரு பெண் பல், ஒரு குடும்பத்தில் சண்டைக்காரர்கள் அதிகம். மாமா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. தன் தம்பி தனக்கே இருக்கட்டும் என்கிற ஆசை அம்மாவுக்கு என்று நினைத்து நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

படிப்பு முடிந்ததும் தூத்துக்குடிக்கு வடக்கே கடலோரத்தில் முத்துச்சிப்பி வளர்க்கும் இடத்தில் எனக்குத் தற்காலிகமாக ஒரு வேலை கிடைத்தது. கடலில் முத்துக் குளிப்பது நின்றுபோய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. தெப்பத்தில் கூடு கட்டித் தொங்கவிட்டுச் சிப்பியை வளர்த்து முத்து எடுக்க முடியுமா என்று அப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். கரைக்கு வரும் கூடுகளிலிருந்து சிப்பிகளை எடுத்து, மேலே ஒட்டி வளர்ந்திருக்கும் பாசியையும் பூச்சிகளையும் கத்தியால் சுரண்டி, அளந்து, நோட்டில் எழுதிவைப்பது என் வேலை. விரல் நுனியெல்லாம் கீறலாக இருக்கும். சாயங்காலம் பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் மெல்ல நகர்ந்துகொள்வார்கள்.

எனக்கு எதிர்ப் பலகையில் அதே வேலையைச் செய்தவர் திருச்செந்தூருக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான ஆலந்தலைக்காரர், கிறிஸ்தவர். அவருடைய அப்பா சங்கு குளிக்கிறவர். அந்த வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் இவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் நேராகப் பேசுவார்.

ஒருநாள் ஒரு தாய்ச்சிப்பி தண்ணீரில் முட்டை விட்டது. தொட்டித் தண்ணீர் அப்படியே பால் போலக் கலங்கியது. அதில் எத்தனை தேறும் என்று நான் கேட்டேன்.

“ஒண்ணு ரெண்டு தேறுனாப் பெரிசு” என்றார் அவர். “எங்க ஊரும் இதே மாதிரிதான். எங்கம்மாவுக்கு ஒம்பது பிள்ள. இருக்கது ஆறு. பதினெட்டு வயசுல கல்யாணம், முப்பதுக்குள்ள எல்லாத்தையும் பெத்து முடிச்சிருவாவ. கடலுக்குப் போறவனுக்கு நாளைக்குன்னு ஒண்ணு உண்டா என்ன? ஒங்க ஆளுங்க அப்படி இல்ல. நாத்துப் பாவி, நட்டு, அறுப்பு வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பிய.”

“நீங்க எப்படி?”

“எனக்கு ரெண்டு போதும். ரெண்டையும் நல்லாப் படிக்க வைக்கணும்.” சொல்லிவிட்டு அவருக்கே கூச்சமாகிவிட்டது. குனிந்து சிப்பியைச் சுரண்டத் தொடங்கினார்.

அடுத்த சில மாதங்களில் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. எழுதி வைக்கும்படி ஒன்றும் நடந்துவிடவில்லை. நான் கொண்டுபோகும் புளிச்சாதத்தை அவர் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். என் கை கீறினால் அவர் பலகையில் இருக்கும் சின்ன சிப்பிகளை என் பக்கம் தள்ளிவிட்டு, பெரிய முரட்டுச் சிப்பிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். இவ்வளவுதான். ஒரு மத்தியானம், கழுவிய கூடுகளைக் கரையில் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார்.

“ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காதிய. என்னைக் கட்டிக்கிடுதியளா?”

எனக்குப் பயத்தில் சிரிப்பு வந்துவிட்டது. “எங்க வீட்ல…” என்று ஆரம்பித்தேன்.

“வீட்டைக் கேக்கல. ஒங்களைக் கேக்கேன்.”

அந்த நிமிஷத்தில் என் மனசில் ஓடியதை இத்தனை வருஷம் கழித்தும் அப்படியே சொல்ல முடியும். அவருடைய வீட்டு வாசல் தெரிந்தது. நான் பார்த்தே இராத வாசல். அங்கே எந்தப் பக்கம் அடுப்பு, யாருக்கு முதலில் சோறு போடவேண்டும், எந்தச் சாமிக்கு எப்போது முட்டிபோடவேண்டும், ஒன்றும் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு சின்ன விஷயத்தையும் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்ளவேண்டும். தப்புச் செய்தால் சிரிப்பார்கள். ஆயுசு பூராவும் ஒரு விருந்தாளி மாதிரி இருக்கவேண்டும். நினைத்தபோதே அலுப்பாக இருந்தது.

“நாம ரெண்டு பேரும் வேற வேற ஆளுங்க” என்றேன். “சாப்பாடு வேற, சாமி வேற. மீன் வாடை அடிக்கிற வீட்ல என்னால இருக்க முடியாது.”

கடைசியாகச் சொன்னது பொய். எங்கள் வீட்டில் வாரத்தில் நான்கு நாள் மீன். அன்றைக்கு அந்தக் கரையில் நின்றபோது அவரைவிட என் மேல்தான் வாடை அதிகம். அவருக்கு அது தெரியும். “சரி” என்று மட்டும் சொன்னார். காய்ந்த கூடுகளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார். மறுநாளும் வழக்கம்போல வேலை செய்தோம். பெரிய சிப்பிகளை எப்போதும்போலத் தன் பக்கம்தான் இழுத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார்.

அதே வருஷம் அம்மா கேட்டாள். நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

“மாமனைக் கட்டிக்கிடுதியாளா? ஒனக்குப் பிடிக்கலன்னா வேண்டாம். ஒண்ணும் கட்டாயம் இல்ல.”

யோசிக்க எனக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. மாமாவுக்குக் காப்பியில் எவ்வளவு சீனி வேண்டும் என்று தெரியும். கோபம் வந்தால் சைக்கிளைத் துடைக்கப் போய்விடுவார் என்று தெரியும். வீடு மாறவேண்டியதில்லை, அம்மாவைப் பிரியவேண்டியதில்லை. நிலமும் வெளியே போகாது. நம்மைப் போன்ற ஆளோடு இருப்பதைவிட என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று நினைத்தேன்.

கல்லூரியில் பரம்பரையைப் படம் போட்டுக் காட்டும் பாடம் ஒன்று உண்டு. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கணவன் மனைவிக்கு நடுவே ஒரு கோடு. சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. அந்தக் கோட்டின் கீழே பிறக்கும் பிள்ளைகளுக்கு என்னென்ன வரலாம் என்று மளமளவென்று எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். அது பரீட்சைக்கான பதில். வீட்டில் நடப்பது வேறு என்று எனக்குள் எங்கோ ஒரு சுவர் இருந்தது. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேரின் அப்பா அம்மாவே சொந்தக்காரர்கள். அவர்களெல்லாம் நன்றாகத்தானே இருந்தார்கள்?

கல்யாணம் முடிந்தது. சின்ன வயதில் யாருடைய சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து திருவிழாவுக்குப் போனேனோ அவருக்கு மனைவியானேன். மாமா என்றுதான் தொடர்ந்து கூப்பிட்டேன். அவர் நல்லவர். இதையும் நான் எழுதியாகவேண்டும். கையை ஓங்கியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. வேலையை விடச் சொன்னதும் அவர் இல்லை. அம்மா சொன்னாள், நான் விட்டேன்.

அடுத்த வருஷம் பெண் குழந்தை பிறந்தது. நல்ல நிறம், நீளமான விரல்கள். அழாத குழந்தை என்று தெருவே மெச்சியது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு மில்லின் சங்கு நாளைக்கு மூன்று முறை ஊதும். அதைக் கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருத்துவோம். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் எல்லாம் அந்தச் சத்தத்தில் தூக்கிவாரிப்போட்டு வீரிட்டு அழும். எங்கள் குழந்தை தூங்கிக்கொண்டே இருக்கும். “ராணி மாதிரி தூங்குதா பாரு” என்பாள் அம்மா.

பத்தாவது மாதத்தில் ஒருநாள் குழந்தை கூடத்தில் விழித்துக்கொண்டு தன் கால்விரலோடு விளையாடிக்கொண்டிருந்தது. சங்கு ஊதியது. அதன் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. நான் எழுந்து போய்ப் பித்தளைச் செம்பை எடுத்து வந்து, அதன் முதுகுக்குப் பின்னால் தரையில் ஓங்கிப் போட்டேன். அடுத்த வீட்டுக்காரி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள். குழந்தை கால்விரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தது.

திருநெல்வேலியில் காது பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். மணி அடித்துப் பார்த்தார்கள், பின்னால் நின்று கைதட்டினார்கள், காதுக்குள் விளக்கடித்தார்கள். டாக்டரம்மா எழுதிக்கொண்டே, “சொந்தத்துல கல்யாணமா?” என்றார்.

“தாய்மாமன்.”

எழுதுவதை நிறுத்தினார். “நீங்க என்ன படிச்சிருக்கீங்க?”

“பி.எஸ்சி. விலங்கியல்.”

அவர் என்னைப் பார்த்தார். பேனாவை எடுத்து மீதியை எழுதி முடித்தார். அந்தப் பார்வைக்குப் பதிலாக அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

வீட்டில் அம்மா அதை ஏற்கவில்லை. பிரசவத்தில் நான் மூச்சை அடக்கினேன், பால் கொடுக்கும்போது தலைக்குக் குளித்தேன், சீதளம் காதில் இறங்கிவிட்டது என்று தினமும் ஒரு காரணம் சொன்னாள். பிறகு, “அடுத்தது நல்லாப் பொறக்கும்” என்று தொடங்கினாள். நான் முடியாது என்றேன். நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு மறுபடியும் இருக்கிறது என்று மாமாவிடம் தாளில் படம் போட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “மூணு பங்கு நல்லாருக்கும்னுதானே அர்த்தம்?” என்றார். இரண்டு வருஷம் பிடிவாதமாக இருந்தேன். பிறகு கர்ப்பமானேன். இதிலும் யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஐந்தாம் மாதத்தில் அம்மா பிறந்த ஊரில் கோவில் கொடைத் திருவிழா வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர். சின்ன வயதில் அம்மா எங்களை அங்கே அதிகம் கூட்டிப்போனதில்லை. போனாலும் அன்றைக்கே திரும்பிவிடுவாள். இந்த முறை குடும்பத்தின் ஆண் வாரிசாக மாமா வரியும் வேட்டியும் கொடுக்கவேண்டும் என்பதால் நானும் குழந்தையும் அவரோடு போனோம். அம்மாவுக்குக் காய்ச்சல், வரவில்லை.

அங்கே எங்கள் வயலைக் குத்தகைக்கு உழுதவரின் மனைவி எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். என் மகளுக்கு மூன்று வயது. ஏதாவது வேண்டுமென்றால் சேலை முந்தியைப் பிடித்து இரண்டு முறை இழுப்பாள், பிறகு கையைக் காட்டுவாள். அந்த அம்மாளின் முந்தியையும் அப்படி இழுத்தாள். அவள் சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என் மகளின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தாள்.

“ஏ தாயீ, அப்படியே அவள உரிச்சு வச்சிருக்கு. அவளும் இப்படித்தான் முந்தியப் பிடிச்சு இழுத்துக்கிட்டே நிப்பா.”

“யாரு?”

“ஒங்க பெரியம்மதான். ஒங்கம்மைக்கு மூத்தவ.”

“எனக்கு ஏது பெரியம்மை?”

அவள் முகம் மாறிவிட்டது. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். என் வயிற்றைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். அம்மாவுக்கு ஓர் அக்கா இருந்தாள். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சு வராது. விருந்தாட்கள் வந்தால் அவளைத் தொழுவத்துப் பக்கம் அனுப்பிவிடுவார்கள். பதினேழு வயதில் வாய்க்காலுக்குள் இறங்கிப் புல் அறுத்துக்கொண்டிருந்தபோது மடையைத் திறந்துவிட்டார்கள்.

“எல்லாரும் கரையில நின்னு கத்துனாவ தாயீ. அவளுக்குக் கேக்கல.”

அவளுக்குப் பெயர் என்ன என்று கேட்டேன். யோசித்தாள். எல்லோரும் ஊமை என்றுதான் கூப்பிட்டார்கள், பெயர் நினைவில்லை என்றாள்.

மில்லர்புரத்துக்குத் திரும்பிய அன்றைக்கு அம்மா கொல்லையில் கருவாட்டை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள். நான் போய் எதிரே நின்றேன்.

“ஒனக்கு ஒரு அக்கா இருந்தாளாம்மா?”

அம்மா நிமிரவில்லை. கருவாட்டை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாவற்றையும் திருப்பி முடித்த பிறகு பேசினாள்.

“சொல்லிருந்தா ஒன்ன எவன் கட்டுவான்? ஒன் மாமனுக்கு வந்த எடத்தை எல்லாம் நான் எதுக்குத் தட்டிவிட்டேன்னு நெனைக்க? பொண்ணு வீட்டுக்காரன் ஊருக்குள்ள விசாரிப்பான். விசாரிச்சா அவ கதை வெளிய வரும். வந்தா அவனுக்கும் கல்யாணம் இல்ல, ஒனக்கும் இல்ல, ஒன் தம்பிக்கும் இல்ல. அதான் ரெண்டு பேரையும் நம்மளுக்குள்ளயே முடிச்சேன். ஒரு வீட்டு அவமானம் ஒரு வீட்டோட கெடக்கட்டும்னு.”

“அதனாலதானம்மா எம்பிள்ளைக்கு இப்படி ஆச்சு.”

“அது எனக்கு என்ன தெரியும்? படிச்சவ நீ.”

அவளை முட்டாள் என்று சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதி கிடைத்திருக்கும். அவள் முட்டாள் இல்லை. எல்லாவற்றையும் யோசித்து, வெளியில் யாரும் தொடாத இரண்டு பேரை ஒருவரோடு ஒருவர் சேர்த்துவைத்து எங்களைக் காப்பாற்றியதாகவே கடைசிவரை நம்பினாள். எதை மறைக்க எங்களைக் கட்டிவைத்தாளோ அது அந்தக் கல்யாணத்தால்தான் வெளியே வந்தது. அதைப் பிறகு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். அவள் தலையில் ஏறவே இல்லை.

மாமா அலுவலகத்திலிருந்து வந்ததும் கேட்டேன். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டுத் துணியைத் தேடினார்.

“ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். சாவும்போது நான் சின்னவன். என்னையத் தூக்கி வளத்ததே அவதான்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா?”

சைக்கிள் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “சொன்னா நீ வேண்டாம்னு சொல்லிருப்ப.” துணியை உதறிவிட்டு, “எனக்கும் ஆபீஸ்ல ஒரு பொண்ணு மேல எண்ணம் இருந்துச்சு. அக்கா கூடாதுன்னா. விட்டுட்டேன்” என்றார். அந்த வீட்டில் நாங்கள் கணவன் மனைவியாகப் பேசிய உண்மையான பேச்சு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மிச்ச நான்கு மாதமும் நான் தூங்கியதாக நினைவில்லை. பையன் பிறந்தான். மூன்றாவது நாள் மில் சங்கு ஊதியபோது கை காலை உதறிக்கொண்டு வீரிட்டான். அம்மா கைகொட்டிச் சிரித்தாள். “பாத்தியாளா? ஒன் படிப்பும் மண்ணாங்கட்டியும்!” நான் அழுதேன். அதை ஆனந்தக் கண்ணீர் என்று அவள் தெருவெல்லாம் சொன்னாள். நான்கில் மூன்று பங்கு என்பதுதான் படிப்பே என்று அவளுக்கு யார் புரியவைப்பது?

அன்று முதல் வீட்டில் பிள்ளை என்றால் பையன் மட்டும்தான். என் மகள் முந்தியை இழுத்தால் அம்மா தட்டிவிடத் தொடங்கினாள். யாராவது வந்தால், “நீ அவளக் கூட்டிக்கிட்டு அங்கனப் போ” என்பாள். அங்கன என்றால் கொல்லை. மில்லர்புரத்தில் தொழுவம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பையனுக்கு ஆறு மாதமாகும்போது மாமா ஒரு சனிக்கிழமை கால்களை அகட்டி வைத்து மெதுவாக நடந்து வந்தார். கருத்தடை முகாமில் ஆபரேஷன் செய்துகொண்டதாகச் சொன்னார். அந்த நாட்களில் எல்லா அலுவலகங்களிலும் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்காகச் செய்தாரா, மேலதிகாரி சொன்னதற்காகச் செய்தாரா என்று நான் கேட்கவில்லை. எனக்காக என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

மகளுக்கு ஐந்து வயதானதும் பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனேன். விடுதியில் தங்கிப் படிக்கவேண்டும். தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றபோது ஒரு குடும்பம் வந்து பக்கத்தில் நின்றது. நான்கு பிள்ளைகள், வயிற்றில் ஒன்றோடு அவர்களின் அம்மா. பின்னால் பையோடு வந்தவரை எனக்கு உடனே தெரிந்துவிட்டது. முன்தலை முடி கொட்டியிருந்தது. இரண்டு கைகளிலும் காய்ப்பு.

“நல்லாருக்கியளா?” என்றார்.

நல்லாருக்கேன் என்றேன். அவர் இப்போது புதுத் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையில் இருந்தார். நான் ‘வேண்டாம்’ என்று சொன்ன மூன்றாம் மாதமே தன் மாமா பெண்ணைக் கட்டிக்கொண்டாராம். அந்தப் பெண் வெள்ளந்தியாக, கேட்காமலே சொன்னாள். “அஞ்சு பெத்தம்க்கா. ஒண்ணு காய்ச்சல்ல போயிருச்சு. இது ஆறாவது.”

இரண்டு போதும் என்று சொன்னவரை நான் பார்த்தேன். அவர் பஸ் வருகிற திசையைப் பார்த்தார். அவரும் தன் ஆட்களிடமே திரும்பிப்போய், அவர்கள் வாழ்ந்த மாதிரியே வாழ்ந்துகொண்டிருந்தார். அவருக்கும் மனைவி சொந்தக்காரிதான். ஆனால் அந்த நான்கு பிள்ளைகளும் “எப்போ… எப்போ…” என்று அப்பாவைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தன. அவர் அதட்டினால் நான்கும் திரும்பிப் பார்த்தன. என்னைப் போலப் பரம்பரைப் பாடம் படித்துவிட்டுச் செய்தவர்களுக்கு ஒரு நியாயம், படிக்காமல் செய்தவர்களுக்கு ஒரு நியாயம் என்று கிடையாது. யாருடைய ரத்தத்தில் என்ன ஒளிந்திருந்ததோ அதுதான். அது தெரிந்தும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவர் குனிந்து என் மகளிடம், “ஒன் பேரு என்னம்மா?” என்றார். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை கேட்டார். அவருடைய மனைவி சட்டென்று, “காது கேக்காதோ? பாவம்” என்று சொல்லி, பையிலிருந்து ஓர் அவித்த பனங்கிழங்கை எடுத்து என் மகளின் கையில் கொடுத்தாள். அவர் நிமிர்ந்தார். என்ன சொல்வார் என்று காத்திருந்தேன். திருச்செந்தூர் பஸ் வந்தது. பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டார்.

அடுத்த வருஷம் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவன் மனைவி எங்கள் அத்தை மகள். அப்பா வழிச் சொந்தம். அம்மா வழியில் இருந்த கதை அவளுக்குத் தெரியாது. பெயர் வைக்கும் நாளுக்கு, விடுமுறையில் வந்திருந்த மகளையும் பையனையும் கூட்டிக்கொண்டு நாங்கள் ஊருக்குப் போனோம். வீடு நிறைய ஆட்கள். அம்மா ஒரு ஜோடி வெள்ளிக் காப்பைக் கொண்டுவந்து என் பையனின் கையில் வைத்தாள்.

“இவன் கையால போட்டுவிடச் சொல்லுளா. இவனுக்குப் பொண்டாட்டி பொறந்திருக்கால்லா.”

எல்லோரும் சிரித்தார்கள். தம்பி மனைவிக்கு வெட்கமும் சந்தோஷமுமாக இருந்தது. குழந்தையின் கையைத் துணிக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள். நான் பையனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“வேண்டாம்மா.”

“ஏன், வேண்டாம்னா வெளிய யாரு ஒம்மவனுக்குப் பொண்ணு குடுப்பா? அக்காக்காரி இப்படி இருக்கது தெரிஞ்சா?” மெதுவாக, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். அது உண்மை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னையும் மாமாவையும் கட்டிவைத்த அதே பயம், அதே வார்த்தை.

நான் தம்பி மனைவியின் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அம்மாவின் அக்கா, அவளுக்குக் காது கேட்காதது, வாய்க்கால், அதை மறைத்து எங்களுக்குக் கல்யாணம் செய்தது, என் மகள், எல்லாவற்றையும் சொன்னேன். உன் புருஷன் ரத்தத்திலும் அது இருக்கலாம், இந்தப் பிள்ளைக்கும் இருக்கலாம், என் பையனையும் இவளையும் சேர்த்துவைக்காதே என்றேன்.

நன்றி சொல்வாள் என்று நினைத்தேனோ என்னவோ. அவள் குழந்தையைச் சேலைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள்.

“நல்ல நாள்ல வந்து எம்பிள்ள தலையில மண்ணள்ளிப் போடுதியளே. ஊமைக் குடும்பம்னு ஊருக்கே தெரிய வச்சாச்சு. இனி இதை எவன் கட்டுவான்? ஒங்க ஊமைய நீங்களே வச்சு அழுதிருக்கக் கூடாதா?”

அம்மா எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து அந்த வார்த்தையையே முணுமுணுத்தார்கள். தம்பி என் அருகில் வந்தான். “எக்கா, நீ கெளம்பு” என்றான். அவன் என்னோடு கடைசியாகப் பேசியது அதுதான். அம்மா அங்கேயே தங்கிவிட்டாள். அதற்குப் பிறகு மில்லர்புரத்து வீட்டுக்கு அவள் வரவே இல்லை.

பஸ்ஸில் மாமா பையனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். “நீ சொன்னது சரிதான்” என்றார். “ஆனா சொல்லிருக்க வேண்டாம்.”

மகள் என் பக்கத்தில் இருந்தாள். ஒரு வருஷப் பள்ளியில் உதட்டைப் பார்த்து வார்த்தையைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். தண்ணீர், அம்மா, பூ என்று சிலவற்றை அவளே குரல் கொடுத்துச் சொல்வாள். புது வார்த்தை எதைப் பார்த்தாலும் அர்த்தம் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டாள். காலையிலிருந்து அந்த வீட்டில் எத்தனையோ வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகவாயில் கைவைத்துத் தன் பக்கம் திருப்பினாள். உதட்டைக் குவித்தாள், மூடித் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடியும் செய்து காட்டினாள். ஊ. மை. பிறகு கையை விரித்து, அப்படியென்றால் என்ன என்று கேட்டாள்.

ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன். அவள் நம்பவில்லை. என் முகத்தை மறுபடியும் திருப்பினாள்.